கலோரிக் கொப்பி வைத்திருந்த வேதசாட்சி

வேதத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு துண்டு பொரித்த மீனுக்காக வேதத்தையே விட்டுக்கொடுத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் எங்கள் மீனவ ஊரான குருநகரில், பங்குச் சனம் முழுவதும் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துநாலு வயது. கடற்றொழிலாளர் சங்கத்தில் மீன் நிறுக்கும் கிளாக்கர் வேலை. உயரம் ஐந்தடி நாலு அங்குலம். நிறை எண்பத்தெட்டுக் கிலோ. நான் ஒரு வாசலால் வந்தால் முதலில் வயிறு வரும், கொஞ்ச நேரம் கழித்து நான் வருவேன். ஆனால் குரல் மட்டும் நன்றாக இருந்தது. (ஆண்டவர் வேறு யாருக்கோ செய்து வைத்த குரலை அவசரத்தில் எனக்குள் வைத்துவிட்டார் என்பது அம்மாவின் கருத்து.)

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கோயில் வளவில் நாட்டுக்கூத்து என்று முடிவானது. கொடிய அரசன் ஒருவன் தன் மகனையே சிறையில் போட்டு நாற்பது நாள் பட்டினி போடுகிறான். மகன் கடைசிவரை வேதத்தை மறுதலிக்காமல் வாளுக்குக் கழுத்தை நீட்டுகிறான். இதுதான் கதை. அந்த இளவரசன் வேஷத்தைப் பத்து வருடமாகக் கட்டி வந்தவர் பீற்றர் அண்ணை. கடலுக்குப் போகிறவர், வற்றிய தேகம். பட்டினி கிடந்தவராக நடிக்க அவர் சட்டையைக் கழற்றினால் போதும். ஆனால் அவருடைய குரல் உச்சத்துக்கு ஏற மறுக்கத் தொடங்கியிருந்தது. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் அவருக்கு அரசன் வேஷத்தைக் கொடுத்துவிட்டு இளவரசனை என் தலையில் கட்டினார். பீற்றர் அண்ணை “நல்லாப் பாடு” என்றார். பிறகு வலை திருத்தப் போய்விட்டார். அவர் கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

முதல் நாள் கூத்துப் பழக்கத்தில், கையில் சங்கிலியோடு வந்து, நாற்பது நாளாய் நான் உணவறியேன் என்று உருக்கமாக இழுத்தேன். மதில் பக்கம் நின்ற பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

“உந்தப் பிள்ளை பட்டினி கிடந்த ஆளோ, ஊரைப் பட்டினி போட்ட ஆளோ?” என்று ஒருத்தி கேட்டாள்.

அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தச் சொன்னார். “தம்பி, இன்னும் எட்டுக் கிழமை இருக்கு. பத்துக் கிலோ குறைச்சால் நீ இளவரசன். இல்லையெண்டால் பீற்றரே பாடட்டும்.”

வீட்டில் என் மூத்த சகோதரி நேசக்கா ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. (தம்பியைத் திருத்த இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காக அவள் பிறந்தது முதல் காத்திருந்தாள்.) அடுத்த நாள் ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து பார்த்தெழுதிய கலோரி அட்டவணையும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் கொண்டுவந்தாள்.

“வாயுக்குள்ளை போறது எல்லாத்தையும் இதிலை எழுத வேணும். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி. அதுக்கு மேலை ஒரு பருக்கை போகக்கூடாது.”

“தண்ணி?”

“தண்ணிக்குக் கலோரி இல்லை. வேணுமான அளவு குடி.”

அட்டவணையைப் படித்தேன். அப்பிள், சீஸ், கோர்ன் பிளேக்ஸ், வாட்டிய கோழியின் நெஞ்சுப்பகுதி என்று போனது. பாண் இருந்தது, முட்டை இருந்தது. பிட்டைக் காணவில்லை. இடியப்பம் இல்லை. ஒடியல் கூழ் இல்லை, நண்டுக்கறி இல்லை, பனங்காய்ப் பணியாரம் இல்லவே இல்லை. அப்போதுதான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தேன்: அட்டவணையில் இல்லாத சாமானுக்குக் கலோரி இருக்க முடியாது.

இரண்டு கிழமை மிகுந்த கட்டுப்பாட்டோடு வாழ்ந்தேன். அப்பிளைத் தொடவில்லை. சீஸ் இருந்த திசையையே பார்க்கவில்லை. (அது எங்கே இருந்தது என்றும் எனக்குத் தெரியாது.) மூன்றாவது கிழமை சங்கத்தில் மீன் நிறுக்கும் மேடைத்தராசில் ஏறி நின்றேன். தொண்ணூறரைக் கிலோ. அந்த நேரம் பாரைமீனோடு வந்த ஒருவர், “தம்பி, உந்தப் பெரிய மீனை ஏலத்துக்கு விடப்போறியளோ?” என்று கேட்டார்.

நேசக்கா கொப்பியைப் பறித்துச் சத்தமாக வாசித்தாள். “கூழ் ரெண்டு கோப்பை, சைபர். நண்டுக்கறி, சைபர். பணியாரம் ஆறு, சைபர்… எடேய், இதென்ன கலோரிக் கொப்பியோ, கணக்கிலை பெயில் விட்டவன்ரை றிப்போட்டோ?”

அன்றிலிருந்து சமையலறை அவள் கைக்குப் போனது. பிட்டுக்கும் கூழுக்கும் அவளே கலோரி நிர்ணயித்தாள். கோபம் வந்த நாளில் கூடுதலாக நிர்ணயித்தாள். காலையில் ஒரு துண்டுப் பாண், மத்தியானம் அவித்த கீரையும் கைப்பிடிச் சோறும், பின்னேரம் பால் விடாத தேநீர். நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் கொஞ்சம் ஒறுத்தல் செய்வார்கள். நான் முழுப் பங்குக்குமாகச் சேர்த்துச் செய்தேன். கோயிலில் மெழுகுதிரியைப் பார்த்தால் கருப்பட்டிபோலத் தெரியும். ஆனாலும் குறைந்தது. கூத்துக்கு இரண்டு நாள் முன்பு எழுபத்தெட்டு. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, எங்கள் மீன்காரப் பெண்களே இரக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டேன்.

கூத்து நாள் வந்தது. ஊரடங்குக்கு முன்பு சனம் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் மத்தியானம் மூன்று மணிக்கே தொடங்கினோம். முதல் காட்சிகள் நன்றாகப் போயின. என் குரல் உச்சத்தைத் தொட்டபோது கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள்.

பிறகு சோதனைக் காட்சி. அரசன் விருந்துத் தட்டை என் முன்னே வைத்து, வேதத்தை விட்டால் இதைத் தின்னலாம் என்று பாடுவான். நான் தட்டைக் காலால் எட்டி உதைத்து, ‘வேண்டேன்’ என்று பாடவேண்டும். பழக்கத்தில் தட்டில் இருந்தது கசக்கிய கடதாசி. அன்றைக்குப் பீற்றர் அண்ணையின் மனைவி ரீற்றா அக்கா, ராசா வீட்டு விருந்துக்குக் கடதாசியா என்று சொல்லி, உண்மையான சாப்பாட்டையே போட்டுவிட்டிருந்தார். போரால் கடலுக்குப் போக ஆயிரத்தெட்டுத் தடைகள் இருந்த காலம் அது. மீன் கிடைப்பதே அருமை. அப்படிக் கிடைத்த விளைமீனை, மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசி, மொறுமொறுவென்று பொரித்து, சோற்றின் மேலே மூன்று துண்டு.

பீற்றர் அண்ணை துணியை விலக்கினார். வாசம் வந்தது.

நான் காலைத் தூக்கினேன். அது அந்தரத்தில் நின்றது. மீனை உதைக்கிற கால் குருநகரில் இன்னும் யாருக்கும் முளைக்கவில்லை. கால் மெல்லக் கீழே வந்தது. அதோடு முழங்காலும் மடிந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, என் வாய்க்குள் மீன் இருந்தது.

மத்தளம் நின்றது. ஆர்மோனியம் ஒரு நீண்ட மூச்சு விட்டு அடங்கியது. திரைக்குப் பின்னால் அண்ணாவியார் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது. முன்வரிசையில் பங்குச் சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன், ஆனால் மென்றுகொண்டிருந்தேன். இரண்டாம் துண்டையும் எடுத்துவிட்டேன். சனத்துக்குள்ளிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் குரல் வந்தது: “அம்மா, அவர் வேதத்தை விட்டிட்டாரோ?”

பீற்றர் அண்ணை என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்காமல் நின்றிருந்தாலே போதும், நான் அந்த மேடையில் முடிந்திருப்பேன். அடுத்த வருடம் இளவரசன் வேஷம் அவர் வீடு தேடிப் போயிருக்கும். அவர் காலைத் தட்டித் தாளம் எடுத்தார். கூத்துக் கொப்பியில் எந்தப் பக்கத்திலும் இல்லாத பாட்டு அவர் வாயிலிருந்து வந்தது:

“நஞ்சு கலந்திட்ட சோறு – இதை
நம்பித் தின்றுய்ந்தவர் யாரு?
கொஞ்சமும் வாடாமல் நிற்கிறான் – இவன்
கும்பிடும் தேவனே பெரியவர் பாரு!”

பிறகு மத்தளம் பாய்ந்து பிடித்துக்கொண்டது. பிற்பாட்டுக்காரர் நாலு பேரும் அதையே எடுத்துப் பாடினார்கள். சனம் எழுந்து கை தட்டியது. பீற்றர் அண்ணை கிரீடத்தைக் கழற்றி என் காலடியில் வைத்தார். நானும் வேறு வழி தெரியாமல், மிச்சமிருந்த மூன்றாம் துண்டு நஞ்சையும் எடுத்து விசுவாசத்தோடு உண்டேன்.

அரசன் மனம் திரும்பிவிட்டதால் என்னை வெட்டுவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. கூத்து ஒரு மணி நேரம் முந்தியே முடிந்தது. வாளோடு இரண்டு மாதம் பழகிய கொலையாளி வேஷக்காரன்தான் பாவம், திரைக்குப் பின்னால் அண்ணாவியாரோடு சண்டை. “ஆரையாவது வெட்ட விடுங்கோ! என்ரை மாமியார் ஆக்கள் கொழும்புத்துறையிலை இருந்து வந்திருக்கினம்!”

நான் வேஷத்தைக் கழற்றாமலே பீற்றர் அண்ணையிடம் போனேன்.

“அண்ணை, உங்கடை வேஷத்தைப் பறிச்சவன் நான். நீங்கள் ஏன்…”

“உதென்ன விசர்க்கதை?” என்றார். “நான் பத்து வருசம் அந்தத் தட்டை உதைச்சனான். பத்து வருசமும் கடதாசி. உவள் ஒருக்கால் மீன் வைச்சிருந்தால் நானும்தான் திண்டிருப்பன்.”

ரீற்றா அக்கா தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டு நீட்டினார். “கூத்து முடிய நீ சாப்பிடத்தான் சமைச்சனான், தம்பி. கொஞ்சம் முந்திச் சாப்பிட்டிட்டாய், அவ்வளவுதான்.” நேசக்கா பின்னால் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்; கண் கலங்கியிருந்தது. “நான்தான் கூட வருத்திப்போட்டன். சாப்பிடு,” என்றாள். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை. எவ்வளவு கலோரி என்று யாரும் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து ஊருக்குள் என் பெயர் ‘நஞ்சுண்டார்’. உரும்பிராயிலிருந்து சங்கத்துக்கு வேலைக்கு வந்த நண்பர் அதைக் கேட்டுத் திகைத்துப்போனார். “நஞ்சுண்டவர் எண்டால் எங்கடை சிவபெருமான் எல்லோ? நீர் எப்ப சமயம் மாறினனீர்?” என்று விசாரித்தார்.

தொண்ணூற்றைந்தில் குடாநாட்டுச் சனமெல்லாம் ஒரே வீதியால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, மழையில், கைப்பிள்ளையோடும் மனைவியோடும் எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றேன். சாவகச்சேரிப் பக்கம், ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலிருந்து, “எடேய் நஞ்சுண்டார்! இஞ்சை வா!” என்று ஒரு குரல் கேட்டது. அத்தனை சனத்துக்குள்ளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கக்கூடியவன் நான் ஒருவன்தான். பீற்றர் அண்ணையும் ரீற்றா அக்காவும் தங்கள் பாயைச் சுருக்கி எங்களுக்கு இடம் விட்டார்கள். பானையில் இருந்த கஞ்சியையும் பங்கிட்டார்கள். கிழமைக்கணக்காக அந்த விறாந்தைதான் எங்கள் வீடு. அந்தக் கூத்துக் கதையை அவர் அங்கே எத்தனை தரம் சொன்னாரோ, அத்தனை தரமும் அழுதுகொண்டிருந்த யாரோ ஒருவர் சிரித்தார்.

இப்போது என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வீட்டில் மீன் பொரித்தால், விருந்தினர் எத்தனை பேர் இருந்தாலும் சரி, கடைசி மகள் கரண்டியோடு என் பக்கத்தில் வந்து நின்று, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்பாள்:

“அப்பா, இன்னும் ஒரு துண்டு நஞ்சு வைக்கட்டோ?”