பூட்டு அண்ணனின் தாம்பூலத் தட்டு

"நீ எழுதுற ஆய்வையெல்லாம் எவன் லா நேரம் ஒதுக்கி வந்து கேப்பான்?"

சாலாக் செலாத்தானில் குடியிருக்கும் மாமா ஒரு தீபாவளியன்று முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னிடம் இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லோரி ஓட்டினார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இருவரும் ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர்கள். என் பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குச் சமமான உயரத்தில் தொங்குகிறது. அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆகவே மாமா கேட்டது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவருடையது பண்டிகைக்குப் பண்டிகை வந்துபோகும் சந்தேகம். சந்தேகத்தையே சுவாசித்து உயிர் வாழ்ந்த ஒருவர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தார்.

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் பூட்டு அண்ணனைப் போலச் சந்தேகப்பட்ட மனிதர் கிடைக்கமாட்டார். கண்ணாடியில் தன் முகம் தெரிந்தால்கூட, அது தான்தானா என்று சரிபார்த்த பிறகே தலை வாருவார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வெளியில் தெரிவது அவருக்குப் பிடிக்காது. எனவே நானும் எழுதவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கம்பெனிகளின் கணினிகளுக்குள் திருடன் நுழைய வழி இருக்கிறதா என்று, அவர்கள் அனுமதியோடு நாங்களே நுழைந்து பார்த்துச் சொல்வோம். பூட்டு அண்ணனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டாரை நம்பவில்லை என்று சிலரும், பெண் வீட்டார் இவரை நம்பவில்லை என்று சிலரும் சொல்வார்கள். தன் சாப்பாட்டுப் பெட்டிக்கு நம்பர் பூட்டு போட்டிருந்தார்.

"யாருண்ணே உங்க ரசத்தைத் திருடப் போறா?" என்று கேட்டேன்.

"திருடமாட்டாங்க. மாத்தி வச்சிருவாங்க."

மடிக்கணினியின் கேமரா வழியாக யாராவது பார்ப்பார்கள் என்று, கிள்ளானிலிருக்கும் தன் அக்காவிடம் சொல்லி அட்டை அட்டையாக ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்து எல்லார் கணினிக்கும் நெற்றியில் ஒட்டிவிட்டார். மலாய்க்கார நண்பர் பச்சைப் பொட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சீனத் தோழிக்குக் கல் வைத்தது. பேச வந்த வாடிக்கையாளர் ஒருவர் இதை ஏதோ சடங்கு என்று நினைத்து, போகும்போது தன் கணினிக்கும் பணிவோடு ஒன்று வைத்துக்கொண்டு போனார்.

கம்பெனியை நடத்தும் எங்கள் மேடம் ஆண்டுதோறும் ஒரு மாநாடு நடத்துவார். கணினிப் பாதுகாப்பில் ஆய்வு செய்கிறவர்களைப் பேச அழைப்பது வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்த மேடையில் ஏறி என் ஆய்வைச் சொல்லவேண்டும் என்ற ஒரே ஆசை எனக்கு. முன்வரிசையில் அப்பா, அம்மா, அவர்களுக்குப் பக்கத்தில் மாமா என்று உட்காரும் இடம்கூட மனதில் முடிவாகியிருந்தது. பேச்சாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவர்தான் பூட்டு அண்ணன்.

அந்த முறை அழைப்பை மேடமே எழுதினார். "அன்புள்ள ஆய்வாளரே, நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்! பயணம், தங்குமிடம், உணவு அனைத்தும் இலவசம். கீழேயுள்ள இணைப்பை உடனே அழுத்துங்கள்." நாட்டிலேயே மோசடி மின்னஞ்சலை மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர்களாகப் பார்த்து இதை அனுப்பினார். பலர் அழித்துவிட்டார்கள். சிலர் எங்கள் முகவரியையே மோசடிக்காரன் முகவரி என்று புகார் செய்தார்கள். ஒருவர் அந்த மின்னஞ்சலை வரிவரியாகப் பிரித்து, "ஏமாற்றுக்காரர்கள் எப்படி எழுதுகிறார்கள் பாருங்கள்" என்று பாடமே நடத்திவிட்டார்.

ஒரே ஒருவர் மட்டும் இணைப்பை அழுத்திப் பெயரைப் பதிந்திருந்தார். மேடத்துக்கு நிம்மதி. பூட்டு அண்ணன் அந்தப் பெயரைத்தான் முதலில் அடித்து நீக்கினார்.

"ஏன் லா? அவர் ஒருத்தர்தான் வரேன்னு சொல்லியிருக்காரு!"

"கண்ட லிங்க்கை அமுக்கிறவன் மேடையில நின்னு என்ன பேசுவான் மேடம்? அழிச்சாங்கல்ல, அவங்கதான் நமக்கு வேணும்."

அழித்தவர்களை எப்படி அழைப்பது? மின்னஞ்சலை நம்பமாட்டார்கள். தெரியாத எண் என்றால் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். அதற்குப் பூட்டு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வீடு வீடாகப் போய் அழைப்பது. எவர்சில்வர் தட்டு, வெற்றிலை, பாக்கு, குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம். நடுவில் மாநாட்டு அழைப்பு. தட்டைத் தூக்க நான்.

பூச்சோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டு மணியை அடித்தோம். கம்பிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆன்டி வந்தார். பூட்டு அண்ணனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கதவு படாரென்று திறந்தது.

"வாங்க, வாங்க! முன்னாடியே சொல்லியிருந்தா கேசரி கிண்டியிருப்பேனே. டேய் தம்பி, சட்டையைப் போட்டுட்டு வாடா! பொண்ணு வீட்டுலருந்து வந்துருக்காங்க!"

"ஆன்டி, நாங்க வந்தது..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ பேசாதம்மா. பெரியவங்க பேசட்டும்."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க பையன் பேங்க் ஆப்புல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சிருக்காரு. அதைப் பத்திப் பேசத்தான் வந்தோம்."

ஆன்டியின் முகம் வெளிறிவிட்டது. "போலீசா?" என்றார். உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்த பையன் அழைப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் வாழைப்பழத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "வரேண்ணே" என்றான். படியிறங்கும்போது பூட்டு அண்ணனுக்கு ஒரே பூரிப்பு. "பழத்தைச் செக் பண்ணான் பாத்தியா? இவன்தான் ஆளு."

அந்தப் பயணங்களில்தான் என் ஆய்வு பிறந்தது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும். திறந்தால் தொலைபேசி திருடன் கைக்குப் போய்விடும். என் அம்மாவுக்கே அது நடந்திருந்தது. பூட்டு அண்ணன் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் அடுப்படியில் தாய்மார்களிடம் கேட்பேன். யாருடைய கல்யாணம் என்று தெரியாமலே பலர் திறந்திருந்தார்கள். பத்திரிகையைத் திறக்காமல் விட்டால் அழைத்தவரை அவமதித்ததாகிவிடும் என்ற பயம். திருடன் நம்முடைய பேராசையைப் பிடிப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். இங்கே அவன் பிடித்தது மரியாதையை. இதைக் கட்டுரையாக எழுதி மாநாட்டுக்கு அனுப்பினேன்.

அழைப்பு இல்லாதவர்களும் கட்டுரை அனுப்பலாம்; அவை எழுதியவர் பெயரில்லாமல் குழுவுக்குப் போகும். நான்கு பேர் ஓட்டுப் போடுவார்கள். இரண்டுக்கு இரண்டு என்றால் தலைவர் ஓட்டு முடிவு செய்யும். தலைவரும் போடாவிட்டால் கட்டுரை தள்ளுபடி. இந்த விதிகளை எழுதியவர் பூட்டு அண்ணன். என் கட்டுரைக்கு இரண்டுக்கு இரண்டு விழுந்தது. பூட்டு அண்ணன் ஓட்டுப் போடாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் மேசை முன்னால் போய் நின்றேன். "ஏண்ணே போடல? நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல. பேர் இல்லாட்டியும் உன்னுதுன்னு தெரிஞ்சு போச்சு. கூடவே இருந்து பாத்தேன்ல."

"தெரிஞ்சா என்ன?"

"உனக்குச் சாதகமா போட்டுருவேனோன்னு என் மேலயே எனக்கு டவுட்டு லா."

இதைவிட நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. இதைவிட எரிச்சலான பதிலையும் கேட்டதில்லை. "நீங்க ஒரு மனுஷனாண்ணே?" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாள் அவரே என் மேசைக்கு வந்தார். "அந்த ஆன்டிங்களுக்குப் பத்திரிகை தெரிஞ்சவங்க நம்பர்லருந்து வந்துச்சா, தெரியாத நம்பர்லருந்தா? மரியாதைக்குத் திறந்தேன்னு அவங்களா சொன்னாங்களா, நீ சொல்ல வச்சியா? நம்ம ஆளுங்க மட்டும்தானா, மலாய்க்காரங்க வீட்டுலயும் இப்படித்தானா?" நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

மாநாடு பிரமாதமாக நடந்தது. பூச்சோங் பையன் பேசினான். அவன் அம்மா முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் பெயர் அட்டை கொடுத்தேன். விஷயம் கேள்விப்பட்ட மாமா, "நான் அப்பவே சொன்னேனே" என்றார். அந்தக் கோபம் இன்றும் எனக்கு முழுதாகப் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, பூட்டு அண்ணன் அலுவலகப் படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சொந்தக்காரர்களைக் கூப்பிடச் சொன்னார் டாக்டர். அவருக்கு இருந்தது அந்தக் கிள்ளான் அக்கா மட்டும்தான். மேடம் தொலைபேசியில் அழைத்தார்.

"உங்க தம்பி ஆஸ்பத்திரியில இருக்காருங்க. சீரியஸ்."

"போன மாசம் ஆக்சிடெண்ட்டுன்னீங்க. இப்ப ஆஸ்பத்திரியா? வேற கதை இல்லையா லா உங்களுக்கு?"

துண்டித்துவிட்டார். தாதி மலாயில் பேசிப் பார்த்தார். அக்கா அவரைப் போலீசில் பிடித்துக்கொடுப்பதாகச் சொன்னார். அதன் பிறகு எங்கள் எல்லாருடைய எண்களையும் முடக்கிவிட்டார். எங்களுக்குப் புரிந்தது. போன மாதம் எவனோ மோசடிக்காரன் அப்படி அழைத்திருக்கிறான். தம்பிக்கு ஆபத்து என்று யார் அழைத்தாலும் நம்பாதே என்று பூட்டு அண்ணனே அக்காவைப் பழக்கிவைத்திருக்கிறார். அக்கா ஒரு பிழையும் செய்யவில்லை. தம்பி சொல்லிக்கொடுத்தபடி தம்பியையே தள்ளிவைத்துக்கொண்டிருந்தார்.

நான் கிள்ளானுக்கு ஓடினேன். வெறுங்கையோடு கம்பிக் கதவின் முன் நின்று விஷயத்தைச் சொன்னேன். அக்கா அசையவில்லை. கையில் துடைப்பம்.

"அவன் ஆபீஸ்னு சொல்றியே, ஒரு கேள்வி கேக்கிறேன். அங்க அவன்கூடப் பேசாம இருக்கிற ஆளு யாரு?"

"நான்தாங்கக்கா" என்றேன்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். திறந்த பிறகுதான் அழ ஆரம்பித்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூட்டு அண்ணனுக்கு நினைவு இருந்தது. மூக்கில் குழாய். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போன்ல நம்பல தம்பி. நேர்ல வந்தாங்க, கேள்வி கேட்டுட்டுத்தான் கதவைத் திறந்தேன்" என்றார். அவர் மெல்லத் தலையாட்டினார். அந்த முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணை என் பக்கம் திருப்பினார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். தாதி எங்களை வெளியே போகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை.

இந்த ஆண்டு மாநாட்டுக்கு மறுபடி ஆய்வுகளைக் கேட்டிருக்கிறார்கள். மேடம் என்னைக் கூப்பிட்டார். "பூட்டு இடத்துல நீ உக்காரு. உன்னை விட்டா யாரு இருக்கா?"

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் குழுவில் இருப்பவர் கட்டுரை அனுப்பக்கூடாது என்று ஒரு விதி. அதையும் அவர்தான் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். சனி ஞாயிறுகளில் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் திரும்பப் போய், அந்த ஆன்டிகளிடமும், இந்த முறை பக்கத்து மலாய் வீடுகளிலும் முதலிலிருந்து விசாரித்தேன். கட்டுரையைப் புதிதாக எழுதினேன். நேற்று அனுப்பிவிட்டேன்.

பூட்டு அண்ணன் கேட்டதற்கெல்லாம் அதில் பதில் இருக்கிறது. அவர் கேட்கக்கூடியதற்கும் யோசித்து யோசித்து எழுதியிருக்கிறேன். நம்பமாட்டார், தெரியும். பரவாயில்லை, இன்னும் நாலு கேள்வி கேட்டால் போதும் எனக்கு.