சமையலறைக்குள் புகுந்த சிவப்புக் கோடு

சிவப்புக் கோடு முத்திரை சாரின் வீட்டு வாசல் வழியாக நுழைந்து, சமையலறையைத் தாண்டி, கொல்லைப்புறமாக வெளியே போயிருந்தது.

கட்டட அனுமதிப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக முத்திரை குத்துவதால் அவருக்கு அந்தப் பெயர். அவரை வெள்ள அபாயத் தடுப்புப் பயிற்சிக்கு அனுப்பியதற்குக் காரணம், பிரிவில் மற்ற எல்லோரும் முந்திக்கொண்டு லீவு போட்டுவிட்டதுதான். மூன்று நாள் பயிற்சி. மூன்றாவது மாடிக் கூடம், சுற்றாத இரண்டு மின்விசிறிகள், வெளியே விடாத தூறல்.

இரண்டாம் நாள் மேஜைக்கு ஒரு வரைபடம் கொடுத்தார்கள். ஆற்றுத் தண்ணீர் எதுவரை வரும் என்று அந்தந்தப் பகுதி அதிகாரிகளே கோடு போடவேண்டும். அவர் மேஜையிலிருந்த சாலைப் பொறியாளருக்குக் கை வேகம். முத்திரை சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் சிவப்புப் பென்சிலால் கோட்டை இழுத்து முடித்துவிட்டார்.

"இது சும்மா பயிற்சிக்குத்தானே மேடம்?" என்று கேட்டார் முத்திரை சார்.

"இல்ல சார். உங்க ஊரு உங்களுக்குத்தான் தெரியும். நாளைக்கு மத்தியானம் நீங்க குடுக்கற படம்தான் அரசாணையோட போகும்," என்றார் பயிற்சி கொடுக்க வந்த அம்மா.

முத்திரை சார் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிவப்புக்குள் விழுந்த வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க அனுமதி கிடையாது. மறுப்பு முத்திரையைக் குத்துவதே அவர்தான். நாளை மத்தியானம்தான் அவர் வீட்டை விலைக்கு வாங்குகிறவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறார். இரண்டு வருஷத்தில் வந்த ஒரே ஆள்.

போன பெருமழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அன்றைக்கு மேஜைமேல் ஏறி நின்ற மனைவி, மனசுக்குள் இன்னும் இறங்கவில்லை. வானம் கறுத்தாலே சாமான்களைப் பரண்மேல் ஏற்ற ஆரம்பித்துவிடுவாள். "அடுத்த மழைக்கு நான் இந்த வீட்ல இருக்கமாட்டேங்க," என்று சொல்லியிருந்தாள். சண்டை போட்டுச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். மெதுவாகச் சொன்னதுதான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது.

ரப்பரை எடுத்து, தன் வீட்டருகே கோட்டை அழித்தார்.

"நீங்க அழிச்சா தண்ணி ஆவியாப் போயிடுமா சார்?" பயிற்சி அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். "இங்கேருந்து எடுத்தா, எங்க போகும்னு காட்டணும். அதான் விதி."

முத்திரை சார் தண்ணீரைக் கிழக்கே இருந்த காலிமனைக்கு அனுப்பினார்.

"காலிமனையா? அது எங்க புது பள்ளிக்கூடம்," என்றார் எதிரே இருந்த கல்வி அலுவலர். "அனுமதி முத்திரை நீங்கதானே குத்துனீங்க?"

மேற்கே தள்ளினார்.

"என் ரோட்டு மேலயா? போன மாசம்தான் போட்டது. கரைஞ்சிடும் சார்!" என்று பதறினார் சாலைப் பொறியாளர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

தெற்கே தள்ளியபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை. அங்கே இருந்தது மனைவியின் அண்ணன் வீடு.

எதையும் மறைக்கத் தெரியாத மனுஷன், வீட்டுக்குப் போனதும் உளறிக்கொட்டினார். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன் வீட்டுக்குள்ள ஆத்த விட்டுட்டு வந்திருக்கீங்க."

"படத்துலதாம்மா."

"வெள்ளத்துக்கு நம்மள பத்து நாள் வெச்சுச் சோறு போட்ட வீடுங்க அது."

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள். அவருக்கு அவமானமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் முதல் வேலையாகப் பயிற்சி அம்மாவிடம் போனார். "மேடம், எங்க தெருவுக்குத் தண்ணி வந்ததே இல்லன்னா?"

"வந்ததே இல்லன்னா, நகர்த்தறதுக்கும் தண்ணி இல்ல. ஆனா வாய்ப்பேச்சு செல்லாது. தெருவுல எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

முத்திரை சார் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, காலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, நனைந்துகொண்டே தெருவுக்கு ஓடினார்.

"என் பீரோ மிதந்துச்சே சார்?" என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

"மிதந்துச்சுதான். ஆனா அதை எழுதிக் குடுத்தா நாளைக்கு உங்க வீட்ட ஒருத்தன் சீந்தமாட்டான். பரவாயில்லையா?"

தையல்காரர் கையெழுத்துப் போட்டார். தெருவே போட்டது. கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் தனியாக இருந்தார். போன வெள்ளத்தில் அவரைக் கூரை மேலிருந்துதான் இறக்கினார்கள். காகிதத்தை அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க ஆபீசர். எங்க நல்லதுக்குத்தான் செய்வீங்க."

அந்த வார்த்தை முத்திரை சாரைச் சுட்டது. ஆனாலும் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் பயிற்சி அம்மா முப்பத்தொரு கையெழுத்தையும் எண்ணிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "காலை வகுப்புல நான் சொன்னதெல்லாம் யோசிச்சுத்தானே சார் குடுக்கறீங்க? மேல போயிட்டா மாத்த முடியாது."

வகுப்பில் இல்லை என்று எப்படிச் சொல்வது? "நல்லா யோசிச்சாச்சு மேடம்," என்றார்.

அந்த அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், தெருவுக்கு வெளியே ஆற்றை ஒட்டிப் புதுக்கோடு போட்டார். முத்திரை சார் கையெழுத்திட்டு, பழக்கதோஷத்தில் முத்திரையும் குத்தினார்.

வீட்டை வாங்குகிறவர் ஈரக்குடையும் பத்திரப் பையுமாகக் கூடத்துக்கே வந்துவிட்டார். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்த முத்திரை சார், அவர் கையைப் பிடித்து வரைபடத்தின் முன் நிறுத்தினார்.

"நல்லாப் பாத்துக்குங்க. தெரு மொத்தமும் கோட்டுக்கு வெளிய. ஒரு சொட்டு கிடையாது!"

அவர் கோட்டின்மேல் விரலை வைத்து இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு பத்திரப் பையை மூடினார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க, சிவப்புக்குள்ள இருக்கற வீட்டுக்கு மட்டும்தான் கவர்மெண்ட்ல மேட்டுல புது வீடு தர்றாங்கன்னுதானே நான் இந்த வீட்டையே வாங்க வந்தேன்?"