கோழிக்குக் கட்டிய வேப்பிலை

எங்கள் ஊரில் கேற்றில் ‘உள்ளே வர வேண்டாம்’ என்று எழுதிவைத்தால், சனம் உள்ளே வந்து, “ஏன் புள்ள இப்படி எழுதியிருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் போகும். கேட்பதோடு நிற்குமா? தேத்தண்ணி குடிக்கும். பிறகு கோழிக்கூட்டடிக்குப் போய், முட்டை கிடக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் பிறந்து வளர்ந்த நானும் மற்றவர்கள் வீட்டில் அப்படித்தான்.

ஆனால் அந்த வருடம் நான் ஆளே மாறிப்போயிருந்தேன். காரணம், எங்கள் பகுதி மிருக வைத்தியர் நடத்திய, பறவைக் காய்ச்சல் பற்றிய கூட்டமொன்றுக்குப் போய்வந்திருந்தேன். (நான் திரும்பி வந்த தோரணையைப் பார்த்தவர்கள், போன இடத்தில் என்னை மிருக வைத்தியராக்கி அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.) தூர தேசங்களிலிருந்து எங்கள் ஊர் வாவிக்கு வந்திறங்கும் பறவைகளோடு கோழியையும் தாராவையும் கலக்க விடக்கூடாது. தீனும் தண்ணியும் காட்டுப் பறவை வாய் வைக்காத இடத்தில் இருக்க வேண்டும். கூட்டுக்குள் போக வேறு செருப்பு. செத்த கோழியை வெறுங்கையால் தொடவே கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வெளியாட்களைக் கூட்டுப் பக்கம் அண்ட விடக்கூடாது.

என்னிடம் இருபது கோழி மட்டில் நின்றன, நாலைந்து தாராக்களும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தேன். அன்றைக்கே எல்லாவற்றையும் வலைக்குள் அடைத்தேன். நீந்தப் போக முடியாமல் வாவியைப் பார்த்துத் தாராக்கள் போட்ட கூச்சலில் அம்மாவுக்குத் தலையிடி வந்தது. மற்றதெல்லாம் செய்யலாம், இந்த வெளியாட்களை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

வினை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பின்னேரம் மண்டூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையை அவளுக்கு மெய்யாகவே பிடித்திருந்தது. அவருடைய படத்தைப் பார்த்துப் பார்த்தே போனில் சார்ஜ் இறங்கிவிடும்.

காலையில் பக்கத்து வீட்டுப் பூமணி மாமி வந்தார். கையில் செத்த கோழி ஒன்று, காலில் பிடித்துத் தலைகீழாக. நேரே என் கூட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

“இஞ்ச பாருகா புள்ள. நீதானே கூட்டத்துக்குப் போனவள். இது என்ன வருத்தமெண்டு சொல்லு.”

“ஐயோ மாமி! கிட்டக் கொண்டராதீங்க!”

“பயப்பிடாத புள்ள. செத்துத்தான் கிடக்கு, கொத்தாது.”

மாமியைக் கைகழுவ வைத்து, கோழியைப் பையில் கட்டி வேலி ஓரம் வைத்து, மிருக வைத்தியருக்குப் போன் பண்ணி, அவர் ஆள் அனுப்பி அதை எடுப்பித்து முடிப்பதற்குள் அரைவாசி ஊர் எங்கள் முற்றத்தில் நின்றது. செத்த கோழியைப் பார்த்தவர்கள் உயிருள்ள கோழிகளையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூட்டை நோக்கி நடந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் அந்த யோசனை உதித்தது. எல்லாரையும் ஒருவாறு வெளியே அனுப்பிவிட்டு, வேம்பில் இரண்டு கொப்பை முறித்துக் கேற்றில் கட்டினேன்.

கேற்றில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டில் யாருக்கோ கண்ணகையம்மாள் வந்திருக்கிறாள், அதாவது கொப்புளிப்பான் என்னும் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். எழுத்துத் தெரியாதவனும் அதைத் தாண்டி உள்ளே வரமாட்டான். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையே வெறிச்சோடிவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மத்தியானத்துக்கு முன் கழற்றிவிடுவதாகத்தான் இருந்தேன். பிறகு அம்மா என்னைத் தேங்காய் துருவ இருத்திவிட்டார்.

பின்னேரம் அக்கா சேலையுடுத்திக் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். கடைசியில் வேலிக்கு மேலாகப் பூமணி மாமியின் தலைதான் வந்தது.

“என்னகா இது! மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்து, வேப்பிலையக் கண்டுட்டுக் கேற்றடியிலயே கும்பிட்டுட்டுத் திரும்பிப் போறாங்க! பொம்பிளைக்கா அம்மாள்?”

அம்மா என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அழுகைச் சத்தம்தான் என்னை ஸ்கூட்டியில் ஏற்றி விரட்டியது.

குருமண்வெளித் துறையில் அவர்களைப் பிடித்தேன். மண்டூருக்கு வாவியைக் கடக்க, நாங்கள் ‘பாதை’ என்று சொல்லும் படகுக்காகக் காத்து நின்றார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். சுற்றிலும் ஊர்ச் சனம்.

“மாமி, போகாதீங்க! அக்காவுக்கு ஒண்டும் இல்ல!” என்று மூச்சிரைக்கக் கத்தினேன்.

“அப்ப ஆருக்குப் புள்ள அம்மாள்?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“ஆருக்கும் இல்ல மாமி. அது கோழிக்கு!”

தாய்மாமன் முன்னால் வந்தார். “கோழிக்கு வருத்தமா? அந்தக் கோழியையா எங்களுக்குக் கறியாக்கி வைச்சிருக்கீங்க?”

“ஐயோ, கோழிக்கும் ஒண்டும் இல்ல மாமா. ஆக்கள் வரக்கூடாதெண்டுதான் கட்டினன்.”

“எந்த ஆக்கள்?”

“வெளியாக்கள்.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது. பாதை வந்து கரையில் முட்டியது. ஏற வேண்டிய சனம் ஏறவில்லை. மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். மாப்பிள்ளை வாவிப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று பயந்தே போனேன். மனுசன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

“கண்ணகையம்மாளைக் கோழிக்குக் காவல் வைச்சியா? கட்டின வேப்பிலையச் சும்மா அவுக்கேலாது புள்ள. அம்மாளைக் கூப்பிட்டாச்சு, ஆராவது ஒராள் இருக்கத்தான் வேணும். கூப்பிட்ட நீயே இரு. தலைக்கு மூண்டு தண்ணி வாத்து முடியட்டும். அதுக்குப் பிறகு நாங்க வாறம்.”

அப்படியாக, உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாத நான், வெள்ளைத் துணி விரித்து, வேப்பிலை பரப்பி, அறைக்குள் இருந்தேன். மீன் இல்லை, இறைச்சி இல்லை, பொரியல் இல்லை. “சம்பந்தம் சரிவரும் வரைக்கும் எழும்பினாயெண்டால் பார்!” என்று அம்மா சொல்லிவிட்டார். கோழியென்றாலே மூக்கைப் பொத்தும் அக்கா, செருப்பு மாற்றி, கூட்டுக்குள் போய்த் தீன் போட்டாள். யன்னலால் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அவளை வேலை வாங்கினேன். (அவளும் சளைக்கவில்லை, என் கஞ்சிக்கு உப்பே போடவில்லை.)

இடையில் மிருக வைத்தியரும் வந்தார். மாமியின் கோழி பறவைக் காய்ச்சலில் சாகவில்லை, வழக்கமான கோழிக் கழிச்சல்தான், மற்றக் கோழிகளுக்கு ஊசி போட்டால் போதும் என்று சொல்ல வந்தவர், கேற்றுக்கு வெளியே நின்றே கத்திச் சொன்னார். “உள்ள வாங்க சேர், கூட்டைப் பாருங்க,” என்று அம்மா கூப்பிட்டதற்கு, “இல்லையம்மா, எனக்கு இன்னும் கொப்புளிப்பான் வரல்ல,” என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிட்டார். அவர் சொல்லித்தந்த பாதுகாப்பை இவ்வளவு சுத்தமாக நிறைவேற்றிய வீடு மட்டக்களப்பில் வேறு இருந்திருக்காது.

மூன்றாம் தண்ணிக்கு மாப்பிள்ளையின் அம்மாவே மண்டூரிலிருந்து வந்தார். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணியைத் தன் கையாலேயே என் தலையில் ஊற்றினார். குளிரில் பல் கிடுகிடுத்தது. ஆனால் மனதில் இருந்த பாரம் முழுக்க அந்த வாளியோடு போனது. தலை துவட்டிவிட்டு, அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, கலியாண நாளைப் பேசினார். அத்தான் இப்போது எங்கள் வீட்டோடுதான் இருக்கிறார். துறையில் நான் நின்ற நிலையை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுவது அவர்தான்.

ஊர்ச் சனம் பழையபடி கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வருகிறது, கூட்டை எட்டிப் பார்க்கிறது, என்னிடம் ஏச்சும் வாங்குகிறது. மண்டூர் மாமி மட்டும் வந்தால் கேற்றடியில் நின்று உரக்கக் கூப்பிடுவார்: “புள்ளேய், உள்ள வரலாமா? ஆருக்கும் வருத்தம் இல்லையே? கோழிக்கும் இல்லையே?”

வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமி சிரிக்கமாட்டார். நான் போய், “ஒருத்தருக்கும் இல்ல மாமி, வாங்க,” என்று சொல்லும்வரை உள்ளே கால் வைக்கவும் மாட்டார்.