உறவுமுறைக் கட்டத்தில் ஒரு தங்கை

பெருமதிப்புக்குரிய அண்ணாவுக்குத் தம்பி பணிந்து எழுதுவது. நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் எல்லா அளவிலும் நலமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கிழித்துப் போடாமல் பதில் எழுதுங்கள். நமக்குத் தங்கை உண்டா?

நம் வீட்டில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாளே, அப்பா இறந்து நீங்கள் வந்தபோதுகூட உங்கள் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாளே, அவளால் வந்த வினை இது. இல்லை, என்னால் வந்தது. போன மாதம் வீட்டு வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்துவிட்டது. மணிக்கு இவ்வளவு, வாரம் ஒரு நாள் விடுப்பு. காலை ஏழுக்கு வந்து மாலை ஆறுக்குப் போகிறவளுக்குக் கணக்குப் போட்டால் என் ஓய்வூதியத்தில் பாதி போய்விடும். "அவள வேலைக்காரியாவா நடத்துறோம்? நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிங்க" என்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (கைப்பிடி உடைந்த குவளையை அவளுக்கென்று பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குக் கீழே தனியாக வைத்திருந்தவளும் இவளேதான்.) தொழிலாளர் துறை ஆய்வாளர் அம்மா வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போன படிவத்தைப் புரட்டினேன். ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தினருக்குச் சட்டம் பொருந்தாது என்று பொடி எழுத்தில் இருந்தது. முப்பது வருடம் அலுவலகத்தில் படிவத்தோடு குப்பை கொட்டியவனுக்கு அது போதாதா? உறவுமுறை என்ற கட்டத்தில் 'உடன்பிறந்த தங்கை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். "நெசமாவே எழுதிட்டீங்களா?" என்றாள். "எழுதுனா எழுதுனதுதான்" என்றேன். "சரிண்ணா" என்றாள். அதுவரை நான் ஐயா.

அன்று மணி ஆறு ஆயிற்று, ஏழு ஆயிற்று, அவள் போகவில்லை. மறுநாள் காலை அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து என் குவளையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். "அதுல நான்தானம்மா குடிப்பேன்" என்றால், "சின்ன வயசுலேர்ந்து உனக்கு இந்தப் பொறாமை போகலண்ணா" என்கிறாள். சிரிக்காதீர்கள். உங்களை மாடிப்படியில் தள்ளிவிட்டு நாய் மேல் பழி போட்டேனே, அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? அதைச் சொல்லி, "நான் பின்னாலதான நின்னேன், அப்பாகிட்ட காட்டிக்குடுத்தேனா?" என்று கேட்டாள். கூடத்துப் படத்தைப் போய்ப் பார்த்தேன். நாம் இருவரும் நடுவில் பூந்தொட்டியோடு நிற்கும் படம்தான். பூந்தொட்டியைக் காணோம்ணா! அந்த இடத்தில் இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி, உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினால், "உங்க தங்கச்சிய என்னவோ புதுசா பாக்குறீங்க?" என்று சொல்லிவிட்டு அந்தத் தங்கச்சியின் சேலையைத் தேய்க்கப் போய்விட்டாள். இப்ப வீட்டு வேலையெல்லாம் நாங்க ரெண்டு பேரும்தான். யாரும் மிரட்டல, அடிக்கல. தொட்டியில பாத்திரம் கிடந்தா கை தானா போகுது. நேத்து ஆய்வாளரம்மா மறுபடி வந்தாங்க. படத்தையும் அவளையும் பாத்துட்டு, "ஜாடையே சொல்லுதே"ன்னாங்க. அப்புறம் ஈரக்கையோட நின்ன என்னைப் பாத்து, "நீங்க இங்க எத்தனை வருஷமா வேலை செய்றீங்க?"ன்னாங்க. நான் வாயத் திறக்கிறதுக்குள்ள இவதான் சிரிச்சுக்கிட்டே இன்னொரு படிவம் வாங்கி நிரப்பினா. என்ன எழுதினான்னு எட்டிப் பாத்தேன், கையால மறைச்சுக்கிட்டா.

இன்று காலை படத்தைத் துடைக்கும்போது பார்த்தேன். நீங்களும் அவளும் மட்டும் நிற்கிறீர்கள். நான் நின்ற இடத்தில் பூந்தொட்டி இருக்கிறது.

அண்ணா, உடனே வாருங்கள். வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அது போதும். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. அவள் கூப்பிடுகிறாள், தரை துடைக்க நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பி.கு: அண்ணா, தங்கை எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி இதை என்னிடம்தான் கொடுத்தார். படித்துப் பயந்துவிடாதீர்கள். அப்பாவுக்கு நீங்களும் நானும் இரண்டே பிள்ளைகள், உங்களுக்குத் தெரியாததா? இவர் பதினோரு வருடமாக நம் வீட்டில் வேலை செய்கிறவர். புதுச் சட்டத்துக்காகப் படிவத்தில் 'உடன்பிறந்த அண்ணன்' என்று எழுதினேன். பாவம், அதை நம்பிவிட்டார். மற்றபடி இவரும் சரி, சமைக்கிற இவர் மனைவியும் சரி, தங்கமான மனிதர்கள். நாமும் வீட்டு ஆட்கள் மாதிரிதான் வைத்திருக்கிறோம். இவருக்கென்று ஒரு குவளைகூடத் தனியாக இருக்கிறது. இதுவரை ஒரு நாளும் சம்பளம் கேட்டதில்லை.