பிழையோட்டிச் சுவாமிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் அந்த மஞ்சள் வீட்டு வாசலில் வரிசை முந்நூறு பேரைத் தாண்டிவிடும். கோயமுத்தூர் கார்கள், கொச்சிக் கார்கள், ஒருமுறை பெங்களூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். எல்லோர் கையிலும் தேங்காய், பழம், வெற்றிலை. கக்கத்தில் லேப்டாப். எல்லோரும் படித்தவர்கள். சந்தேகம் இருந்தால் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம். லீவு நாளிலும் அதை அவர்கள் கழற்றுவதில்லை.

உள்ளே நிரலானந்த சுவாமிகள். காவி வேட்டி, காதில் புளூடூத், கழுத்தில் ருத்திராட்சம். ருத்திராட்சத்தின் நடுவே தங்க முலாம் பூசிய ஒரு பென் டிரைவ். பேய் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் பிழை ஓட்டுகிறவர். சாஃப்ட்வேரில் பக் என்கிறார்களே, அதை. மூடிய லேப்டாப்பின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடுவார். உதடு துடிக்கும். "நூத்திப் பதினெட்டாவது வரியில ஒருத்தன் தலைகீழா உக்காந்திருக்கான்" என்பார். வந்தவர் வீட்டுக்குப் போய்த் தேடுவார். எவன் எழுதிய சாஃப்ட்வேரிலும் தேடினால் எங்கேயாவது ஒன்று அகப்படும். அகப்பட்டால் சாமியின் சக்தி. அகப்படாவிட்டால் வந்தவரின் பக்திக் குறைவு. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற ஆட்டம்.

மாரீஸ்வரி அந்த வரிசையில் நின்றதில்லை. அவளுடைய முதலாளி நின்றார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மாரீஸ்வரி பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவள். அவள் அம்மா முத்துப்பேச்சி இன்றைக்கும் அங்கே கொழுந்து கிள்ளுகிறாள். மகள் எலப்புள்ளி ரோட்டில் 'தூறல் டெக்' என்ற சின்ன கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதியது எங்கே உடையும் என்று தேடி, உடைத்துக் காட்டுவது வேலை. இந்த வேலை பார்க்கிறவர்களை எந்த ஆபீசிலும் கல்யாணத்துக்குக்கூட மனசாரக் கூப்பிட மாட்டார்கள்.

முதலாளி சென்னியப்பன் நல்ல மனிதர். குறை என்னவென்றால், எதையும் முழுசாக நம்புவார். நின்றுகொண்டே கூட்டம் போட்டால் வேலை வேகமாக நடக்கும் என்று எங்கோ கேட்டு வந்தார். நாற்பது பேரும் தினம் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். கால் வீங்கியது. அடுத்த வருஷம் வேலையெல்லாம் வண்ணச் சீட்டுகளாகச் சுவரில் ஏறியது. யாரோ மின்விசிறியைப் போட, மொத்தத் திட்டமும் ஜன்னல் வழியாக ரோட்டுக்குப் போயிற்று. அதற்கும் பிறகு ஒரு ஆலோசகர் வந்து ஐந்து நாள் வகுப்பெடுத்து, காவலாளி உட்பட எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். பிழை குறையவில்லை. அந்த முறைகளில் நல்லது இல்லாமல் இல்லை. ஆனால் இது எதற்கு, நமக்கு ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. முறையைக் கும்பிட்டார். கும்பிட்டுப் பழகிய கை, ஒரு சாமியார் கிடைத்ததும் தானாகவே குவிந்துவிட்டது.

சாமியை ஆபீசுக்கே கூட்டி வந்தவன் ஈஸ்வரன், டீம் தலைவன். அதுவரை வெள்ளிக்கிழமை மதியம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்கிற வழக்கம் இருந்தது. அந்த நேரம் பிழையோட்டுப் பூசைக்குப் போயிற்று. மூன்று டெஸ்டர்களில் இரண்டு பேர் வேலையிழந்து வீட்டுக்குப் போனார்கள்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க வாரம் பூரா தேடியும் ஒண்ணுஞ் சிக்கலீங்க. சாமி ரெண்டே நிமிசத்துல நாலு புடிச்சுப்போட்டாருங்களே?" என்றார் சென்னியப்பன்.

"நான் பதினொண்ணு எழுதிக் குடுத்தேனே சார்?"

"பட்டியல்ல ஒண்ணுமே இல்லீங்களே!"

பக்கத்தில் நின்ற ஈஸ்வரன் சிரித்தான். "அது எல்லாம் சில்லறை விசயமுங்க சார். நாந்தான் ஒதுக்கி வெச்சிருக்கறேன்."

மாரீஸ்வரிக்கு முகம் சுண்டிப்போனது. தன் கண்தான் மங்கிவிட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஒரு மாதம் அந்தச் சந்தேகத்தோடே வேலைக்கு வந்தாள். நாற்பது பேர் சேர்ந்து ஒன்றை நம்பும்போது, நம்பாத ஒருத்திக்குத் தன் புத்திமேலேயே நம்பிக்கை போய்விடும்.

அவளைக் காப்பாற்றியது அவளுடைய கைத்தவறுதான்.

அந்த வாரம் 214-ஆம் வரியில் ஒரு பிழை கண்டாள். அவசரத்தில் ஈஸ்வரனுக்குக் கொடுக்கும் பட்டியலில் 241 என்று அடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சுவாமிகள் கண்ணை மூடினார், நடுங்கினார், கூவினார்: "எரநூத்தி நாப்பத்தொண்ணு! அங்கதான் அவன் ஒளிஞ்சிருக்கான்!"

கூட்டம் கைதட்டியது. மாரீஸ்வரி தட்டவில்லை. 241-ஆம் வரி வெற்று வரி. ஒரு எழுத்துகூட இல்லை.

டீக்கடையில் அஜ்மலைப் பிடித்தாள். பாலக்காட்டுத் துணிக்கடைக்காரர் மகன். அவள் சோதிக்கும் சாஃப்ட்வேரில் பெரும்பங்கு எழுதியவன் அவன்தான்.

"ஏன்டா அஜ்மல், ஞானதிருஷ்டிக்கு என் டைப்பிங் மிஸ்டேக்கு எப்படிடா தெரியும்?"

அஜ்மல் டீயைக் கீழே வைத்தான். "அப்ப ஈஸ்வரன் சார் ஒதுக்கி வைக்கிறது..."

"சாமிக்கு வாரப் படியளக்குறதுக்கு."

சும்மா சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்திருந்தால் போயிருப்பாள். ஆனால் இந்த முறை எழுதியது கடைக்குப் பில் போடுகிற சாஃப்ட்வேர் அல்ல. மலைச்சரிவில் மழை அளக்கும் கருவிகள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்பும். மழை அளவு மீறினால் லயத்தில் சங்கு ஊதும், ஜனங்கள் வெளியேற வேண்டும். உருள்பொட்டல் வந்தால் மலையே மண்ணாக இறங்கும், ஓட நேரம் இருக்காது. இடவப்பாதிப் பருவமழை தொடங்க மூன்று வாரம். பத்து நாளில், ஒரு திங்கட்கிழமை, சாஃப்ட்வேர் எஸ்டேட்டுக்குப் போகிறது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாமி 'பரிசுத்தம்' என்று சொல்லிவிட்டால் போதும்.

அந்த சாஃப்ட்வேரில் அடுத்த செவ்வாய்க்கிழமை மாரீஸ்வரி ஒன்று கண்டுபிடித்தாள். அஜ்மலிடம் காட்டினாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நான் எழுதினதுதான். நானே..."

"நீ எழுதினது பெரிய தப்பு இல்லடா. எல்லாரும் தப்பா எழுதத்தான் செய்வோம். அதை இன்னொரு கண்ணு படிக்காம விட்டதுதான் தப்பு. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காத."

பட்டியலில் அவள் அதை எழுதவில்லை. வேறொன்றை எழுதினாள். பிறகு இரண்டு தாள் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு சென்னியப்பனிடம் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு நான் சொல்றப்பப் பிரிங்க சார்."

ராஜினாமா என்று நினைத்தார் அவர். முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை. கூடத்தில் நாற்பது பேர். முன்வரிசையில் எஸ்டேட் மேனேஜர் மிக்கேல், மலையிலிருந்து இதற்காகவே இறங்கி வந்தவர். மேஜைமேல் சோதனைக்காக வைத்த மழைக் கருவி ஒன்று, அதற்கு மாலை, பொட்டு. பெரிய திரையில் லயத்தின் படம். சாம்பிராணிப் புகையில் பாதிப் பேர் இருமினார்கள். மீதிப் பேர் பரவசத்தில் இருந்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை.

சுவாமிகள் கையை வைத்தார். நடுங்கினார்.

"வர்றான்... வர்றான்... பனிமூட்டக் கணக்கு! எழுநூத்தி ரெண்டாவது வரி! கறுப்பா, கொம்போட ஒருத்தன்!" எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கீபோர்டின் மேல் பிழிந்தார். அந்த ஆபீசில் இதற்குமுன் ஒன்பது கீபோர்டுகள் இப்படித்தான் முக்தியடைந்தன. "ஓடிட்டான்! இனி இல்லை!"

கைதட்டல் ஓய்ந்ததும் மாரீஸ்வரி எழுந்தாள். குரல் ஆடவில்லை.

"சார், கவரைப் பிரிச்சு முதல் தாளைச் சத்தமாப் படிங்க."

சென்னியப்பன் பிரித்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. "பனிமூட்டக் கணக்கு, எழுநூத்தி ரெண்டாவது வரி. இப்படி ஒரு பிழை கிடையாது. இதை நான் புதன்கிழமை சும்மா கற்பனையா எழுதி ஈஸ்வரன் சாரிடம் குடுத்தேன். சாமிக்கு இது தெரிஞ்சா, யார் சொன்னாங்கன்னு கேளுங்க." தலையை நிமிர்த்தினார். "ஏனுங்க அஜ்மலு, நம்முளுதுல பனிமூட்டக் கணக்கு இருக்குதுங்களா?"

"இல்ல சார். மழை மட்டும்தான். மொத்தமே அறுநூத்தி அம்பது வரிதான் சார்."

சுவாமிகள் ஒரு நொடி விழித்தார். பிறகு புன்னகைத்தார்.

"இருந்தது மகளே. நான் ஓட்டிட்டேன். அதனாலதான் இப்ப இல்லை."

கூட்டம் மறுபடி கைதட்டியது! பட்டம் வாங்கியவர்கள், தர்க்கமே தொழிலாக வைத்திருக்கிறவர்கள், விசிலடிக்காத குறை. மாரீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரிங்க சாமி. இல்லாததை ஓட்டிட்டீங்க. இருக்கிறது ஒண்ணு அந்த ரெண்டாவது தாள்ல இருக்கு. பட்டியல்ல நான் எழுதலை. அது என்னன்னு சொல்லுங்க."

சுவாமிகள் கண்ணை மூடினார். அரைக் கண்ணைத் திறந்து ஈஸ்வரனைப் பார்த்தார். ஈஸ்வரன் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தான். கடைசியில் சுவாமிகள் சொன்னார்: "இனி ஒரு பிழையும் இல்லை. பரிசுத்தம்."

அவள் மழைக் கருவியின் மாலையைக் கழற்றினாள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். திரை சிவந்தது, சங்கு ஊதியது. மிக்கேல் தலையாட்டினார். அடுத்து, கருவியிலிருந்து போகும் வயரைப் பிடுங்கினாள். ஒரு பக்கெட் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். மேஜை வழிந்து, தண்ணீர் சுவாமிகளின் பாதம்வரை போயிற்று. அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

திரையில் சிவப்பு மறைந்தது. பச்சை வந்தது. 'மழை இல்லை. ஆபத்து இல்லை.'

"கருவிகிட்டேருந்து சேதி வரலைன்னா, மழை வரலைன்னு இது எடுத்துக்குது," என்றாள் மாரீஸ்வரி. "பேட்டரி தீர்ந்தாலும் சரி, மரம் விழுந்து வயர் அறுந்தாலும் சரி. பச்சைதான்."

மிக்கேல் எழுந்துவிட்டார். "அப்போ பெருமழையில கருவியே அடிச்சுப் போச்சுன்னா?"

"பச்சைதான் சார்."

"கீழ எத்தனை வீடுங்க அம்மிணி?" கேட்டது சென்னியப்பன். எஸ்டேட்டுக்கான சாஃப்ட்வேரை மூன்று மாதமாகச் செய்கிறவர், அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.

"நூத்தி நாப்பது சார். அஞ்சாவது வரிசையில எங்கம்மா."

சென்னியப்பன் ஈஸ்வரனின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். ஒதுக்கி வைத்த பட்டியலைத் திறக்கச் சொன்னார். எண்பத்தேழு பிழைகள். எல்லாம் மாரீஸ்வரி எழுதியவை. ஒவ்வொன்றும் சாமி 'கண்டதற்கு' இரண்டு நாள், மூன்று நாள் முந்திய தேதி. காணிக்கையில் உனக்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. ஈஸ்வரன் தானாகவே "பாதிங்க சார்" என்றான்.

"நம்பிக்கை இல்லாத இடத்தில் நாம் இருப்பதில்லை" என்று சுவாமிகள் எழுந்தார். வாசலில் செருப்பைக் காணாமல் தேடினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், படிக்குக் கீழே.

"கண்ணை மூடிப் பாருங்க சாமி" என்றான் அஜ்மல்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். ஐந்து நிமிஷம் முன்னால் கைதட்டியவர்களும் அவர்கள்தான்.

மறுநாள் சென்னியப்பன் அவள் மேஜைக்கே வந்தார். "அந்தக் கவரு ராஜினாமான்னு நெனச்சேனுங்க அம்மிணி. சந்தோசமும் பட்டேன். மன்னிச்சுப்போடுங்க. இனி என்ன முறை வெச்சுக்கலாம், சொல்லுங்க, அப்படியே பண்ணிப்போடலாம்."

"அப்படியே பண்ணாதீங்க சார். நான் சொன்னாலும் ஏன்னு கேளுங்க."

வெள்ளிக்கிழமை மதியம் படிப்பதற்குத் திரும்பியது. போன இரண்டு டெஸ்டர்களும் திரும்பினார்கள். அஜ்மல் திருத்தினான்: கருவி பேசாவிட்டால் சிவப்பு, ஆள் அனுப்பு. அந்தத் திருத்தம் பிறகு எவர் கைபட்டும் கெட்டுவிடாமல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடிப் பார்க்கும் ஒரு சோதனையையும் மாரீஸ்வரி எழுதி வைத்தாள். சாஃப்ட்வேர் பத்து நாள் தாமதமாக மலையேறியது.

ஜூலையில் ஒரு பகல், மேல்சரிவுக் கருவி பேசுவதை நிறுத்தியது. திரை சிவந்தது. மிக்கேல் ஆள் அனுப்பினார். போனவன் கருவியைப் பார்க்கவில்லை, தரை வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். சங்கு ஊதியது, நூற்று நாற்பது வீடும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. சாயங்காலம் மண் இறங்கியது. ஐந்தாவது வரிசையில் மூன்று வீட்டையும் முத்துப்பேச்சியின் கோழிக்கூட்டையும் கொண்டுபோனது. ஒரு மனுஷ உயிர் போகவில்லை.

முத்துப்பேச்சி போனில் அழுதாள். "ஆறு கோழி போச்சுடி! என்னமோ, மாரியாத்தாதான் எங்களைக் காப்பாத்துனா."

மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சங்கு ஊதுச்சே, அது யாரு ஊதுனதும்மா?"

"அதுவா? ஆத்தாவுக்குத் துணைக்கு நீயும் இருந்திருப்ப."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. அம்மா உயிரோடு இருந்து வாதாடுகிறாளே, அதுவே போதும்.

சுவாமிகள் இப்போது உடும்பஞ்சோலையில் இருக்கிறார். பெயர் மாறிவிட்டது, காவி மாறவில்லை. மூட்டையைத் தொட்டே ஏலக்காயின் நாளைய விலையைச் சொல்லுகிறாராம். கூட்டம் தாங்கவில்லையாம். வியாபாரிகளே, கண்ணை மூடுவது அவருடைய தொழில், அதில் அவருக்குச் சாப்பாடு இருக்கிறது. கூடவே சேர்ந்து மூடுகிறீர்களே, உங்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது?