ரோலாவில் விற்ற கம்பளி

வாசு பெட்டியைத் திறந்ததும் முதலில் ஆட்டு வாடை வந்தது. பிறகுதான் ஸ்வெட்டர் வந்தது. ஜூன் மாதம், ஷார்ஜா, ரோலா தெரு. வெளியே நின்றால் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில்.

"அயர்லாந்துலேர்ந்து வந்திருக்கு அண்ணாச்சி," என்று உள்ளே இருந்த சீட்டைப் படித்தான் துணிக்கடை மேனேஜர் வாசு. "கிராமத்துப் பொம்மனாட்டிகள் கையாலேயே நூல் நூத்து, கையாலேயே பின்னினதாம். ஆட்டோட எண்ணெயைக் கழுவாம விட்டிருக்காளாம். மழை இறங்காதாம்."

"இங்க மழை எப்ப சார் வரும்?" என்றார் விற்பனையாள் நாகலிங்கம்.

வாசு சுவர்க் காலண்டரைப் பார்த்தான். அர்பாப், அதாவது கடையின் அரபி முதலாளி, பஹ்ரைன் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார்: வியாழக்கிழமை வருவேன், விற்காத சரக்கு கண்ணில் பட்டால் உன் பெண்டாட்டி விசாவில் கையெழுத்து மாஃபி, கிடையவே கிடையாது. கும்பகோணத்தில் பிரபாவதி துணிமணிகளை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இந்த நேரம் பார்த்தா அயர்லாந்துக்காரிகள் ஊசியைக் கையில் எடுக்கவேண்டும்?

சைஸாவது ஒழுங்காக இருந்ததா? ஒன்று பீமன் போடலாம். ஒன்று கைக்குழந்தைக்குக் காணும். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

"எந்தப் புத்திசாலி சார் இப்படி ஆர்டர் போட்டது?"

"அர்பாப்தான் போட்டிருப்பார். மெதுவாப் பேசுங்கோ."

பஹ்ரைனுக்கு டிரங்க்கால் போட்டுப் பார்த்தான். லைன் கிடைக்கவில்லை.

"குளிர்ந்தாத்தானே கம்பளி விக்கும்? ஏசியை முழுசாத் திருப்புங்கோ அண்ணாச்சி."

அரை மணி நேரத்தில் ரோலாவின் பேச்சிலர்கள் பாதிப்பேர் கடைக்குள் இருந்தார்கள். ஒருவன் ஊர்க் கடிதத்தை உரக்கப் படித்தான். ஒருவன் வேட்டிக்கட்டின் மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டான். ஸ்வெட்டரை ஒருவனும் தொடவில்லை.

"வாடை ஆளைத் தூக்குது சார். அதான் கிட்ட வரமாட்டேங்கிறான்," என்றார் நாகலிங்கம்.

வாசு அத்தர் பாட்டிலை எடுத்து எல்லாவற்றின் மேலும் தெளித்தான். இப்போது ஆடு அத்தர் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது. பேச்சிலர்கள் அசையவில்லை, ஏசி அப்படி. நிஜமாகவே துணி வாங்க வந்த குடும்பங்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பின. அன்றாட வியாபாரமும் போயிற்று.

"நானே போட்டுக் காட்டறேன்," என்று பீமன் சைஸைத் தலைவழியே மாட்டினான் வாசு. அவன் தலை உள்ளே இருக்கும்போதே, பகலெல்லாம் உழைத்த ஏசி பட்டென்று நின்றது. ஃபியூஸ் போய்விட்டது. கழுத்து ஓட்டை எது, கை எது என்று அவனுக்குப் புலப்படவில்லை.

"அண்ணாச்சி, எங்கே இருக்கேள்?"

"முன்னாலதான் சார் நிக்கேன். நீங்கதான் அந்தப் பக்கம் பாத்துப் பேசுதீங்க."

ஏசி போனதும் பேச்சிலர்களும் போனார்கள். ஒருவன் மட்டும் நின்று வாசுவை வெளியே உருவி எடுத்தான். பெயர் கார்மேகம், ராமநாதபுரத்துக்காரன்.

"இது எத்தனைண்ணே இருக்கு? நமக்கு மீன் கோல்ட் ஸ்டோரேஜ்ல டூட்டி. உள்ள போனா எலும்பு நடுங்குது. கம்பெனிக் கோட்டு கிழிஞ்சுபோச்சு."

"வாடை அடிக்குமேப்பா," என்றான் வாசு. நேர்மை வேண்டாத இடத்தில்தான் இவனுக்கு நேர்மை வரும்.

"மீனுக்கு முன்னால இது சந்தனம்ணே."

சாயந்திரம் கார்மேகம் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பே வந்து பெட்டியைக் காலி செய்தது. கைக்குழந்தை சைஸை ஒருவன் தொப்பியாகத் தலையில் மாட்டிக்கொண்டு போனான். வாசுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பிரபாவதிக்குத் தந்தி அடித்தான்: விசா வருகிறது, புறப்படத் தயாராகு.

வியாழக்கிழமை அர்பாப்பின் டிரைவர் சுஐபு, கீழக்கரைக்காரர், கையில் ஒரு காகிதத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாசு சார், உங்க வூட்டம்மா விசா. அர்பாப் கையெழுத்துப் போட்டுட்டாரு."

வாசு கையை நீட்டினான். சுஐபு காகிதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இருங்க சார், மொதல்ல அந்த அயர்லாந்துப் பெட்டியை வண்டியில வைங்க. நாளைக்கு அர்பாப் குடும்பமே லண்டன் போவுது, ஆளாளுக்கு அளவு குடுத்து ஆறு மாசமாப் பின்ன வெச்ச ஸ்வெட்டரு. வூட்டுக்குத்தான் இங்க தபால் வராதே, அதான் கடை விலாசத்தைக் குடுத்திருந்தாங்க."