அக்காவின் நிச்சயதார்த்தமும் ஓர் அண்டா புகைத் தண்ணீரும்

உலகத்தைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருபத்து மூன்று வயதில் வந்தது. அந்த வயதில் பலருக்கும் வருவதுதான். ஆனால் அந்த வேலையைச் சொந்த அக்காவின் நிச்சயதார்த்தத்திலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. திண்டுக்கல்லில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாள் ஒரு திருநாள். கிணறு இருந்தது, ஆனால் தோல் பதனிடுகிற கழிவு நிலத்தில் இறங்கி இறங்கி, அந்தத் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. வாயில் வைத்தால் உப்பு, மூக்கில் வைத்தால் நாற்றம். இந்த அநியாயத்தைக் கண்டு பொங்கி நான் 'நன்னீர் நற்காற்றுக் கழகம்' என்ற அமைப்பில் சேர்ந்தேன். மொத்தம் நான்கு பேர். தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர். (நான்தான் உறுப்பினர்.) மாவட்ட அதிகாரிகளுக்கு மனு மேல் மனு போட்டோம். பதில் இல்லை. அதிகாரிகள் கேட்காததையெல்லாம் நான் வீட்டுக்கு வந்து என் குடும்பத்திடம் பேசத் தொடங்கினேன்.

காற்றைப் பற்றிப் பேச எனக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. அம்மாவுக்கு இளைப்பு. பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்தினால் போதும், நெஞ்சு விசில் அடிக்கும். கோயிலில் தூபம் காட்டுவார்கள் என்று பூசைக்குப் போனாலும் கடைசி வரிசையில், கதவோரம்தான் உட்காருவார். அப்பா அரசு பஸ் டிரைவர். கொடைக்கானல் மலைப்பாதையில் எத்தனை வளைவு வந்தாலும் பதறாதவர். என் பேச்சைக் கேட்டால் மட்டும் அவருக்குத் தலை சுற்றும்.

அக்கா ரோஸ்லினுக்கு ஏற்கெனவே மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. நான்காவதாக வந்தவர் அந்தோணி. வேடசந்தூர்ப் பக்கம் சொந்த ஊர், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அப்பா இல்லாதவர். பெரியப்பா சவரிமுத்துதான் வளர்த்து ஆளாக்கியவர். அவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்.

நிச்சயத்துக்கு முதல் நாள் காலையில் அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"டேய் சேவியரு, நாளைக்கு ஒரு நா மட்டும் உங் கழகத்த மடிச்சுப் பொட்டியில வையி. எனக்கு அந்த மனுசரப் பிடிச்சிருக்கு."

வந்த மூன்று பேரைப் பற்றியும் அக்கா இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. சத்தியம் செய்து கொடுத்தேன். (சத்தியம் செய்தபோதே சார்ட் பேப்பரும் சிவப்பு மையும் வாங்கி வைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.)

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வந்து பந்தலில் உட்கார்ந்ததும் முதலில் ஒரு தட்டு வரும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு ஒரு கட்டு பீடி, நாலு சுருட்டு, ஒரு தீப்பெட்டி. கூட்டத்தில் மூத்தவர் அதில் ஒன்றை எடுத்த பிறகுதான் பேச்சே ஆரம்பமாகும். தட்டில் குறை இருந்தால் மரியாதையில் குறை.

அந்தத் தட்டை அடுக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். அது அவருடைய பிழை. நான் பீடியையும் சுருட்டையும் எடுத்துச் சாக்கடையில் போட்டேன். அந்த இடத்தில் வாயைக் குளிர வைக்கும் சூட மிட்டாய்களைப் பரப்பினேன். தீப்பெட்டி இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ வைத்தேன். அம்மா இருக்கும் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து ஊதக்கூடாது என்று நினைத்ததில் தவறில்லை. ஆனால் அம்மாவுக்கு இளைப்பு என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த ஒரு வரி தோன்றவில்லை, சார்ட்டுதான் தோன்றியது.

சார்ட்டில் பெரிய மண்டையோடு ஒன்று வரைந்தேன். நன்றாக வந்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில், 'புகையிலை ஒரு நஞ்சு! விளைவிப்பவன் கொலைகாரன்! புகைப்பவன் தற்கொலைகாரன்!' பந்தலுக்குள் நல்ல வெளிச்சமாக ஓர் இடம் பார்த்து, சுவரில் ஒட்டினேன். அது மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் வரிசைக்கு நேர் மேலே இருந்தது. அப்பா அப்போது வேனை எதிர்பார்த்துத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார்.

காற்று முடிந்தது, அடுத்தது தண்ணீர். விருந்தாளிகளுக்காக லாரித் தண்ணீர் வாங்கியிருந்தோம். அதைக் கொதிக்க வைக்காமல் கொடுத்தால் கழகத்துக்கு என்ன மதிப்பு? வாடகைக்கு ஓர் அண்டா எடுத்து, கொல்லையில் மூன்று கல் வைத்து, கருவேல விறகை அடுக்கிப் பற்றவைத்தேன். முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. விறகு எரியவில்லை, புகைந்தது. அண்டாவுக்கு மூடி இல்லை. (விஞ்ஞான முறைப்படி ஆவி வெளியேற வேண்டும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.)

வேன் வந்தது. இருபது பேர் இறங்கினார்கள். நடுவில் சவரிமுத்து, வெள்ளை வேட்டி, கனத்த மீசை. நேராகப் போய் மண்டையோட்டுக்கு அடியில் உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் மாப்பிள்ளை. கேமராக்காரர் உடனே இரண்டு படம் எடுத்தார்.

நான் தட்டை நீட்டினேன். அவர் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இதென்ன?"

"சூட மிட்டாய்ங்க. ஒடம்புக்குக் கெடுதல் இல்ல."

"நான் என்ன பால்வாடிப் பிள்ளையா அப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர். அங்கேயே நான் உள்ளே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் அவர் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்து, "அங்கிட்டு என்னமோ எழுதியிருக்கே, கண்ணாடி கொண்டாரல" என்றார். நானே வாசித்துக் காட்டினேன். ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். கொலைகாரன் என்ற இடத்தில் விரலை உயர்த்திய ஞாபகமும் இருக்கிறது.

பந்தலில் எல்லோரும் சவரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் புகையிலை விவசாயி என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது. வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நான் அப்போதெல்லாம் உலகத்தின் காற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அவர் மிட்டாயைக் கையில் துப்பிவிட்டு எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முப்பது வருசமா பொகையிலதான் போடுறேன். கெணத்துல கெடக்குற ஒரு சாண் தண்ணிக்கு வேற எதுவும் வரல. அதுலதான் எந்தம்பி மகனைப் படிக்க வச்சேன். என்னையக் கொலகாரன்னு எழுதி, அதுக்குக் கீழயே ஒக்கார வச்சிருக்கீக. நல்ல மருவாதி சம்மந்தி."

அப்பா இரண்டு கைகளையும் கூப்பினார். கதவுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் நின்ற அக்காவை நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்புங்க எல்லாரும்" என்றார் சவரிமுத்து. பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போல. "கோவத்துல பச்சத்தண்ணி குடிக்காமப் போனாகன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க."

தண்ணீர்! என் துறை! இந்த நிலையிலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமிதம் எழுந்தது என்றால் நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய் அண்டாவிலிருந்து மொண்டு வாளியில் ஆற்றி, "நல்லாக் கொதிக்க வச்ச தண்ணிங்க, ஒரு கிருமி இருக்காது" என்று சொம்பில் ஊற்றி நீட்டினேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். சொம்புக்குள் பார்த்தார். சுவரில் மண்டையோட்டைப் பார்த்தார். மறுபடி சொம்பைப் பார்த்தார்.

"சம்மந்தி, பொகைய வெளிய விடக்கூடாதுன்னு எழுதிப் போட்டுட்டு, மொத்தத்தையும் தண்ணிக்குள்ள கலந்து வச்சிருக்கீகளே!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. சத்தமாக இல்லை, மூக்கு வழியாக ஒரு சத்தம். கதவுக்குப் பின்னாலிருந்தும் அதேபோல் ஒன்று வந்தது. அப்போதுதான் காற்றுத் திசை மாறியது. கொல்லையில் கிடந்த என் கருவேலம் புகை மொத்தமும் வீட்டுக்குள் நுழைந்து, பந்தலுக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. இருபது பேர் சுருட்டுப் பிடித்திருந்தாலும் இதில் கால்வாசி வந்திருக்காது.

உள்ளே அம்மாவின் நெஞ்சு விசில் அடிக்கும் சத்தம் கேட்டது. நான் கையில் வாளியோடு அப்படியே நின்றேன்.

சவரிமுத்து நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அம்மாவை நாற்காலியோடு தூக்கச் சொல்லி, வாசலுக்கு மேற்கே, காற்று வரும் பக்கமாகக் கொண்டுபோய் வைத்தார். பிறகு கொல்லைக்கு ஓடி, விறகை ஒவ்வொன்றாக இழுத்து மண்ணைப் போட்டு அணைத்தார். அண்டாவைக் கவிழ்த்தது யார் என்று தெரியவில்லை. அப்பா என்று சந்தேகம்.

அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, மூச்சு ஒருவழியாக நிதானத்துக்கு வந்தது. சவரிமுத்து அவர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தங்கச்சிக்கு எம்புட்டு நாளா இளப்பு?"

"இவன் பெறந்ததுல இருந்துண்ணே" என்றார் அம்மா, என்னைக் காட்டி. (வேண்டுமென்றே சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.)

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, இதுக்குத்தான் தட்டுல சுருட்டு வைக்கலையா?"

நான் தலையாட்டினேன்.

"இதையா படம் போட்டுச் சொன்ன? 'ஐயா, அம்மாவுக்கு ஆகாது, செத்த அங்கிட்டுப் போயிப் பிடிங்க'ன்னு வாய்வார்த்தையாச் சொன்னா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? முன்னமே சொல்லியிருந்தா வேடசந்தூர்லயே சுருட்டக் குடிச்சிட்டு வந்திருப்பேனே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகையினால் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். எல்லோர் கண்ணும் கலங்கியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அவர் மடியிலிருந்து தன் சொந்தப் புகையிலையில் சுருட்டிய சுருட்டுகளை எடுத்து, என் ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்பத் தட்டைத் தூக்கு. தங்கச்சி மூக்குக்கு வராத எடம் எதுன்னு நீயே காட்டு."

நான் விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்தேன். தெருவின் கிழக்குக் கோடியில், முருங்கை மரத்தடி. புகையை எதிர்த்து மண்டையோடு வரைந்த நான் தட்டை ஏந்தி முன்னால் நடந்தேன். பின்னால் பெரிய மனிதர்கள் வரிசையாக வந்தார்கள். நானே தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தேன். அந்த மரத்தடியில்தான் அவர் முதல் இழுப்பு இழுத்து, ஊதி, "சரி சம்மந்தி, நாளப் பாப்போமா?" என்றார். அக்காவின் நிச்சயம் அங்கேதான் முடிந்தது. திரும்பி வரும்போது அவர் என் தோளில் கைபோட்டு, "வாங்க மாப்ள" என்றார். காலையிலிருந்து தம்பி, ஏலே என்று கூப்பிட்டவர் உறவு முறையில் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

நிச்சயதார்த்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் மச்சானின் தலைக்கு மேல் மண்டையோடு இருக்கிறது. அக்கா அதை யாருக்கும் காட்ட மாட்டாள். மச்சான் எல்லோருக்கும் காட்டுவார். என் தண்டனை அதோடு நிற்கவில்லை. கல்யாணத்தன்று சவரிமுத்து மண்டபத்துக்குள் நுழைந்ததும், "நம்ம சேவியரு காட்டுனானே, அந்த மாதிரி எடம் இங்க எங்க?" என்று கேட்டார். அடுத்த விசேஷத்தில் அது 'சேவியர் இடம்' ஆனது. அதற்கடுத்த விசேஷத்தில் 'சேவியர்' மட்டும் மிஞ்சியது. இன்று இரண்டு குடும்பத்து விசேஷத்திலும் புகைக்க ஒதுக்கும் மூலைக்கு என் பெயர்தான். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாதவன் நான்.

இரண்டாயிரங்களின் கடைசியில் அக்கா மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. பொது இடத்தில் புகைக்கக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டிருந்த சமயம். மச்சானின் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். மண்டபத்தில் நடு வரிசையில் உட்கார்ந்து, பேனா போன்ற ஒன்றை வாயில் வைத்து இழுத்தார். நுனியில் நீல விளக்கு எரிந்தது. வெள்ளையாக ஒரு மேகம் வந்தது, மாம்பழ வாசனையோடு. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் நாக்கு துடித்தது. ஆனால் அந்த நாக்கின் வரலாறு எனக்குத் தெரியும், அடக்கிக்கொண்டேன்.

சவரிமுத்து தடியை ஊன்றிக்கொண்டு அவரிடம் போனார்.

"இது பொகை இல்ல பெரியப்பா" என்றார் அவர் முந்திக்கொண்டு. "கரண்டு சிகரெட்டு. வெறும் ஆவி. சட்டத்துலயே இதப் பத்தி ஒண்ணும் இல்ல."

"சட்டம் கெடக்கட்டும் அப்பு. உன் வாயில இருந்து கெளம்பி எந்தங்கச்சி மூக்குக்குள்ள போகுதா இல்லையா? ஆவியா இருந்தாலும் சரி, அத்தரா இருந்தாலும் சரி, எந்திரிச்சு சேவியருக்குப் போ."

அம்மா அன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கதவோரம் இல்லை.

மச்சானின் தம்பி பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்தார். "சேவியர் எங்க பெரியப்பா?"

சவரிமுத்து தடியால் என்னைக் காட்டினார். "காத்து இன்னைக்கு எந்தப் பக்கம்னு அவனுக்குத்தான் தெரியும். சேவியர் எங்கன்னு சேவியருகிட்டயே கேளு."

நான் விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தேன்.